முன் பிறேக் எந்தக் கையில்?

எங்கள் சைக்கிள் கழகம் மலர் வெளியிடப் போகிறது. ரொறன்ரோவில் தமிழர் நான்கு பேர் சேர்ந்தால் சங்கம், சங்கம் ஒரு வருடம் தாண்டினால் மலர். இதை யாராலும் தடுக்க முடியாது. இந்தக் கழகம் ஞாயிறு காலைகளில் மில்லிக்கனில் ஒரு பிளாஸாவின் முன்னால் கூடுகிறது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கணக்காளர், பல் வைத்தியர், வீடு விற்பவர் என்று பல தினுசு. உடம்போடு ஒட்டிய உடுப்பைப் போட்டு, தொந்தியை எக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். பிறகு கோப்பி குடிப்பார்கள். நேரம் மிஞ்சினால் சைக்கிளும் ஓடுவார்கள்.

கழகத் தலைவர் குகன் போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், நீங்கள் சைக்கிள் கடையிலயே காலத்தைக் கழிச்சனீங்கள். ரூர் டி பிரான்ஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ. நாலு பக்கம் காணும்."

"நான் பிரான்சுக்கே போனதில்லைத் தம்பி."

"அது பரவாயில்லை அங்கிள். எழுதுற ஆக்கள் எல்லாரும் போய்ப் பாத்தே எழுதுகினம்?"

அந்த நியாயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆகவே எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரூர் டி பிரான்ஸைப் பார்த்தது ரொறன்ரோவின் செயின்ற் கிளேயர் வீதியில், ஒரு கரும்பலகையில். பிரான்ஸைச் சுற்றி மூன்று கிழமை ஓடும் அந்தப் போட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கையில் கிறீஸோடு நின்று கேட்டவைதான். அதோடு, அந்தப் போட்டியின் பெயரால் நான் செய்த ஒரு பிழையையும் எழுதவேண்டும். அதை எழுதாமல் மற்றதை எழுதினால் அது பொய்யான கட்டுரையாகிவிடும்.

என் தொழில் பயிற்சியைச் சுருக்கமாகச் சொன்னால், சுன்னாகத்தில் மைத்துனரின் கடையில் ஒன்பது வருடம் ரியூப் ஒட்டினேன். பிறகு யுத்தத்தால் பெற்றோல் வராத காலம் வந்தது. யாழ்ப்பாணமே சைக்கிளில் ஏறியது. விறகு, ஆடு, நோயாளி, மணப்பெண் எல்லாம் சைக்கிளில் போன காலம். மற்றவர்கள் பத்து வருடத்தில் படிக்கும் வேலையை நான் இரண்டே வருடத்தில் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோ வந்து, ஒரு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். மனைவியும் மகளும் கொழும்பில் இருந்தார்கள். ஒருநாள் செயின்ற் கிளேயர் வீதியில் ஸ்றீற்கார் என்ற தெரு ரயிலின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, ஒரு கடைக் கண்ணாடியில் 'மெக்கானிக் தேவை' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது.

கடைக்காரி பெல்ஜியத்திலிருந்து வந்தவர். பெயர் ஒடெத். எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் அது அம்மணி என்பதுபோல. அறுபது வயது, என் தோள் உயரம், வெள்ளை ஏப்ரன். சைக்கிள் கடையில் வெள்ளை ஏப்ரன் போடுகிறவரை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. ஒரு பழைய சைக்கிளை உருட்டி வந்து நிறுத்தினார். இதில் ஆறு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றார். (நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். அவருடையதும் உடைந்த ஆங்கிலம், என்னுடையதும் உடைந்த ஆங்கிலம். இத்தனை வருடம் போனபின் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே தருகிறேன்.)

நான் ஐந்தைக் கண்டுபிடித்தேன். ஆறாவது அகப்படவில்லை. வியர்த்துப் போனேன்.

"மணி இல்லை, மிஸ்ரர் நடா," என்றார் மதாம். "மணி இல்லாத சைக்கிள் இந்த மாகாணத்தில சட்டப்படி றோட்டில போகேலாது."

ஊரில் மணி இல்லாத சைக்கிளோடு பொலிசில் அகப்பட்டவன் நான். எனக்கே இப்படி. ஆனாலும் வேலை தந்தார்.

மதாமுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். எவ்வளவு கோபமோ அவ்வளவு மெல்லப் பேசுவார். மிகப் பெரிய கோபத்தில் வாய் அசைவது மட்டும்தான் தெரியும், நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுத்து ஏச்சு வாங்கவேண்டும். நல்ல வேலை என்று ஒருநாளும் சொல்லமாட்டார். திருப்தியென்றால் "இது போகும்" என்பார். திருப்தியில்லையென்றால் "இன்னும் இல்லை." வந்த புதிதில், அவர் குப்பையில் போட்ட ரியூப்களை எல்லாம் பொறுக்கி ஒட்டி, பின்னறையில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றில் பதினொரு ஒட்டு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மதாம் அதைக் கண்டு வாய் அசைத்தார். கிட்டப் போனேன். "இது நூதனசாலை இல்லை," என்றார்.

கடையின் முக்கியமான சடங்கு, சைக்கிள் வெளியே போகுமுன் நடக்கும் பரிசோதனை. பதினொரு விடயங்கள் எழுதிய ஒரு தாள். மெக்கானிக் ஒவ்வொன்றாக உரத்து வாசிக்கவேண்டும். மதாம் பென்சிலின் அழிறப்பர் முனையால் அந்த இடத்தைத் தொடுவார். ஹாண்டில், ஒரு தட்டு. சீற், ஒரு தட்டு. பிறேக் என்று வாசித்தால் மட்டும் பென்சிலைக் காதில் செருகிவிட்டு, இரண்டு பிடிகளையும் இரண்டு கையாலும் ஒன்றாக அமத்திச் சைக்கிளை முன்னுக்குத் தள்ளிப் பார்ப்பார். அசையாவிட்டால் சரி. கடைசியாக மெக்கானிக் தானே ஏறி அந்தப் பக்கத்துத் தெருக்களை ஒருமுறை சுற்றிவரவேண்டும். சுற்றிவந்து "போகும்" என்று சொல்கிறவன், அந்தச் சொல்லுக்குப் பொறுப்பு.

இப்போது ரூர் டி பிரான்ஸுக்கு வருகிறேன், குகன் பொறுமை இழக்குமுன்.

யூலை மாதம் வந்தால் அந்தக் கடை கடையாக இருக்காது. காலை பதினொன்றேகாலுக்கு மதாமின் தங்கை பெல்ஜியத்திலிருந்து ரெலிபோன் எடுப்பார். அங்கே பின்னேரம், அன்றைய ஓட்டம் அப்போதுதான் முடிந்திருக்கும். தங்கை சொல்லச் சொல்ல மதாம் எழுதிக்கொள்வார். பிறகு சோக்கட்டியோடு வெளியே போய், கரும்பலகையில் அன்று வென்றவர், மொத்தத்தில் முன்னால் நிற்பவர், இடைவெளி எத்தனை நிமிடம் என்று எழுதுவார். அதற்குள் நடைபாதையில் இருபது பேர் கூடிவிடுவார்கள். இத்தாலியக் கிழவர்கள் கோப்பிக் கோப்பையோடு வருவார்கள். போர்த்துக்கீசர் வருவார்கள். கொலம்பியாக்காரர் மலைக் கட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் வருவார்கள். சமதரையில் எவன் வென்றாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அந்த வருடங்களில் ஒரே ஸ்பானியர் விடாமல் வென்றுகொண்டிருந்தார். இத்தாலியர்களுக்குத் தோற்றதுகூடப் பெரிதில்லை, அந்த மனிதருக்கு வியர்க்கவே இல்லை என்பதுதான் பெரிய துக்கம்.

கரும்பலகையின் அடியில், மொத்த வரிசையில் கடைசியாக நிற்பவரின் பெயரையும் மதாம் எழுதுவார். ரயிலின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்குத் தொங்குமே, அந்தப் பெயரைத்தான் பிரான்சில் அவருக்கு வைத்திருக்கிறார்கள். "அவரும் அதே மலையைத்தான் ஏறினவர், அதுவும் கூட நேரம் எடுத்து," என்பார் மதாம்.

அந்தப் போட்டி தொடங்கியது பத்திரிகை விற்க என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு விளையாட்டுப் பத்திரிகைகளுக்குள் போட்டி. விற்பனை குறைந்த ஒன்று, நாட்டையே சுற்றிச் சைக்கிள் ஓடவைத்தால் சனம் முடிவை அறியப் பத்திரிகை வாங்கும் என்று கணக்குப் போட்டது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானதால்தான் முன்னால் நிற்பவருக்கு மஞ்சள் சட்டை. எங்கள் பத்திரிகைக்காரர்கள் மலர் போடுவதோடு நின்றுவிட்டார்கள். தொடக்க காலத்தில் ஓடியவர்களும் சும்மா ஆட்கள் இல்லை. இரவோடு இரவாக ரயில் ஏறிப் போய் முன்னால் இறங்கியவர்கள் இருந்தார்கள். தங்கள் ஊர்க்காரன் வெல்லவேண்டும் என்பதற்காக மற்றவர்கள் வரும் பாதையில் ஆணி கொட்டிய சனமும் இருந்தது. இதைக் கேட்டபோது எனக்குப் பிரான்ஸ் மிகவும் பழகிய இடம்போலத் தோன்றியது.

மதாமுக்கு மிகப் பிடித்த கதை கொல்லன் பட்டறைக் கதை. பழைய விதிப்படி சைக்கிளில் எது உடைந்தாலும் ஓடுபவரே திருத்தவேண்டும். ஒருவருக்கு மலை இறக்கத்தில் முன் சில்லைப் பிடிக்கும் கவை உடைந்துபோயிற்று. சைக்கிளைத் தோளில் சுமந்து பல மைல் நடந்து, ஒரு கிராமத்துப் பட்டறையைக் கண்டுபிடித்தார். தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, தானே பொருத்தினார். நடுவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். எல்லாம் முடிந்து புறப்படும்போது அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். துருத்தியை வேறு ஆள் ஊதிவிட்டதாம்.

இத்தாலியர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை மண்டபத்தில் அழிறப்பர் இரவல் வாங்கியவனை வெளியே அனுப்பிய வாத்தியாரிடம் படித்தவன் நான்.

இந்தக் கதையால்தான் வினை வந்தது. ரூர் டி பிரான்ஸ் முடியும் ஞாயிற்றுக்கிழமை, கடையின் வாடிக்கையாளர்கள் முப்பதுபேர்வரை தங்களுக்குள் ஒரு போட்டி வைப்பார்கள். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையின் வெறுமையான கார் தரிப்பிடத்தில் தொடக்கம். தோட்டக்காணிகளுக்குள்ளால் வடக்கே போய், மேற்கே திரும்பி, மலைவிளிம்பில் ஏறி, மறுபக்கச் சரிவில் இறங்கி முடியும். நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். மதாம் தன் பழைய வான் வண்டியில் பின்னால் வருவார். விதி அந்தப் பழைய விதி. ஓடுபவரே திருத்தவேண்டும், வேறு யாராவது அந்தச் சைக்கிளைத் தொட்டால் ஓடுபவர் போட்டியில் இல்லை. வென்றவருக்கு மஞ்சள் சட்டை போட்டு ஒரு படம் எடுத்துக் கடைச் சுவரில் தொங்கவிடுவார்கள். பரிசு அவ்வளவுதான். அந்தப் படத்துக்காக வளர்ந்த மனிதர்கள் வருடம் முழுவதும் வாழைப்பழம் சாப்பிட்டார்கள்.

டெரிக்குக்கு அந்தப் படம் வேண்டும். ரிரினிடாட்டில் பிறந்தவர், நகர பஸ் ஓட்டுநர், நாற்பத்தாறு வயது. முந்திய இரண்டு வருடமும் இரண்டாமிடம். முழங்காலில் தேய்மானம், இதுதான் கடைசி வருடம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஒருநாள் சுவரைக் காட்டிச் சொன்னார்.

"பதினேழு படம் இருக்கு, நடா. எண்ணிப் பாத்தனான். பதினேழு பேரும் ஒரே தெருவில பிறந்த ஆக்கள் மாதிரி இருக்கினம். பதினெட்டாவது என்ரை கறுத்த மூஞ்சை."

அவர் ஆசைப்பட்டு வாங்கிய புதுச் சைக்கிள் சட்டம், சில்லும் பிறேக்கும் இல்லாத வெறும் பிறேம், போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை காலைதான் வந்து சேர்ந்தது. அதை முழுச் சைக்கிளாகக் கட்டும் வேலை எனக்கு. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கட்டினேன். மதாம் வந்தார். தாளை வாசித்தேன். பதினொரு தட்டு. இரண்டு பிடியையும் ஒன்றாக அமத்தித் தள்ளிப் பார்த்தார். நான் ஏறிச் சுற்றிவந்தேன். என் கைகளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. "போகும்," என்றேன். "இது போகும்," என்றார் மதாமும். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அதுவரை ஐந்தோ ஆறோ தடவைதான். அன்று பின்னேரம் டெரிக் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை வானில் மூன்று பேர். மதாம் சாரத்தியம், பக்கத்தில் நான், பின் சீற்றில் வாழைப்பழப் பெட்டியோடு பாலன். பாலன் என் அறைத் தோழன், அந்தப் பிறம்ரன் பண்டகசாலையில் வேலை. கார் தரிப்பிடத்துக்கு அனுமதி எடுத்துத் தந்தவன் என்பதால் வானில் இடம் கொடுத்திருந்தார்கள்.

எழுபது கிலோமீற்றர் தாண்டியபோது, ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவருக்கு முன் சில்லில் காற்றுப் போய்விட்டது. வானை நிறுத்தி இறங்கினோம். விதிப்படி நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சைக்கிள் திருத்துகிறவனைக் கையைக் கட்டிவிட்டுச் சைக்கிள் திருத்துவதைப் பார்க்கச் சொல்வது கொடுமை. மனிதர் ரயரை மாற்றி, சில்லைப் பூட்டி, பிறேக்கை அமத்திப் பார்த்தார். இடக்கையால் அமத்தினார். முன் சில்லின் பிறேக் கட்டைகள் இறுகின.

முதல்நாள் நான் கட்டிய டெரிக்கின் சைக்கிள் நினைவுக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் தொழில் விளக்கம் வேண்டும். எங்கள் ஊரில் முன் பிறேக் வலக்கைக்கு, பின் பிறேக் இடக்கைக்கு. வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். கனடாவில் மறுபாடு, முன் பிறேக் இடக்கைக்கு. கடைக்கு வந்த நாளிலிருந்து நான் பழைய கேபிள் போன வழியிலேயே புதுக் கேபிளைப் போட்டு வந்தேன். பெட்டியில் வந்த புதுச் சைக்கிள்களில் பிறேக் முன்னமே பூட்டியிருந்தது. ஆகவே எந்தக் கைக்கு எது என்று நான் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. வெறும் சட்டத்திலிருந்து நானாகக் கட்டிய முதல் சைக்கிள் டெரிக்கினுடையது. என் கை சுன்னாகத்துக் கை. அது தனக்குத் தெரிந்தபடி போட்டுவிட்டது. மதாம் இரண்டையும் ஒன்றாக அமத்தியதால் அவருக்குத் தெரியவில்லை. நானே ஓடிப் பார்த்தேன், எனக்கு அது மிகச் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே!

சமதரையில் இரண்டு பிறேக்கையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றரில் மலைவிளிம்பின் சரிவு. அங்கே பயத்தில் பின் பிறேக் என்று நினைத்து வலக்கையை இறுக்கினால் முன் சில்லு நிற்கும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். அந்தச் சரிவின் திருப்பத்தில் கல் மதில்.

வான் மறுபடி ஓடத் தொடங்கியது. பாலனிடம் தமிழில் சொன்னேன். அவன் வாழைப்பழத்தைப் பாதியில் நிறுத்தினான்.

"மச்சான், உதை இப்ப சொல்லாதை. உந்த மனுசி நாளைக்கெல்லே வேலைக் கடிதம் தாறன் எண்டவ?"

அதுதான் விடயம். மனைவியையும் மகளையும் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு, நான் வேலையில் இருக்கிறேன் என்று முதலாளி கடிதம் தரவேண்டும். மதாம் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளை என்னைக் கண்டு மூன்று வருடம். ரெலிபோனில் என்னை "ஹலோ அங்கிள்" என்று கூப்பிட்டுவிட்டு, தாய் திருத்தியபின் "அப்பா" என்பாள்.

"அவர் விழுந்தால்?" என்றேன்.

"அவன் நல்லா ஓடுறவன். ஒண்டும் நடவாது."

"விழுந்தால், பாலன்?"

பாலன் பாதிப் பழத்தைத் தோலால் மூடினான். "அப்ப சொல்லு. ஆனா கடிதத்தை வாங்கிப்போட்டுச் சொல்லடாப்பா."

"சரிவு நாளைக்கில்லை, இண்டைக்கு," என்றேன்.

மதாம் கண்ணாடியில் பாலன் முகத்தையும், பக்கத்தில் என் முகத்தையும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. கடிதத்தை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சொல்லும்போதும் அந்தக் கடிதம் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது.

மதாமின் வாய் அசைந்தது. கிட்டக் காதைக் கொடுத்தேன்.

"நான் ரெண்டையும் ஒண்டாய்த்தான் அமத்தினன்," என்றார். பிறகு அக்ஸிலறேற்றரை மிதித்தார். அந்த வானுக்கு அவ்வளவு வேகம் இருப்பது அதற்கே தெரிந்திருக்காது.

மலை உச்சிக்குச் சற்று முன் அவர்களைப் பிடித்தோம். முன்னால் மூன்று பேர், அதில் ஒருவர் டெரிக். ஏற்றத்தில் அவர் மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கனத்த உடம்பு, பயமில்லாத மனம். இறக்கத்தில்தான் பாய்ந்து பிரிவார். அந்தச் சரிவு அவருக்காகவே வைத்ததுபோல.

நான் கண்ணாடியை இறக்கி அரை உடம்பை வெளியே போட்டுக் கத்தினேன். "டெரிக்! நில்லுங்கோ! பிறேக் பிழை! நான் பிழையாய்ப் பூட்டிப்போட்டன்! நில்லுங்கோ!"

முதலில் அவர் கேட்காதவர்போல மிதித்தார். மதாமும் தன் பக்கத்திலிருந்து கத்தினார். அந்த மனுசி கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதைக் கேட்டதும் டெரிக் நின்றுவிட்டார். மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கி மறைந்தார்கள்.

நான் குதித்து ஓடினேன். தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே ஓடினேன். மூச்சு வாங்க, முன் பிறேக் வலக்கையில் இருக்கிறது, என் பிழை, மன்னிக்கவேண்டும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

டெரிக் என்னையே பார்த்தார்.

"உதுக்கே என்னை நிப்பாட்டினனி?"

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு அது நேற்றே தெரியும், நடா. கடை வாசல்ல ஏறின உடனை தெரியும். ரிரினிடாட்டில நான் பழகினது இப்பிடித்தான். இருபது வருசமா இந்த ஊர் பிறேக்கை யோசிச்சு யோசிச்சுப் பிடிச்சனான். நேற்றுத்தான் யோசிக்காமல் பிடிச்சன். நீ எனக்காகத்தான் அப்பிடிப் போட்டனி எண்டு நினைச்சன்." சரிவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாமே."

அவ்வளவுதான். ஏறி இறங்கிப் போனார். அந்தச் சரிவில் அவர் இறங்கிய வேகத்தை நான் மறக்கமாட்டேன். கல் மதில் திருப்பத்தில் ஒரு விரலால் தொட்டதுபோலப் பிறேக் பிடித்து, சாய்ந்து, நிமிர்ந்து போனார். முன்னால் போன இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை நெருங்கிவிட்டார். ஆனால் பாதை முடிந்துவிட்டது. மூன்றாமிடம்.

திரும்பும் வழியில் பாலன் மிஞ்சிய வாழைப்பழங்களை எண்ணிக்கொண்டு வந்தான். பிழையை ஒத்துக்கொண்டால் மனம் லேசாகும் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை அந்த வானில் வந்திருக்கவேண்டும். பிழை செய்து டெரிக்குக்கு நல்லது செய்திருந்தேன், அதைத் திருத்தப் போய்க் கெடுத்துவிட்டேன். அவர் சொன்னது நியாயம். வானை அவர் பக்கத்தில் விட்டு, "உங்கட முன் பிறேக் எந்தக் கையில எண்டு தெரியுமோ?" என்று கேட்டிருந்தால், மிதித்துக்கொண்டே "ஓம்" என்றிருப்பார். சரிவில் பறந்திருப்பார். சுவரில் பதினெட்டாவது படம் தொங்கியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தொழில்காரனுக்கு வரும் வியாதி அது.

திங்கட்கிழமை மதாம் கடிதத்தை மேசையில் வைத்தார். வேலையை விட்டு நிறுத்தும் கடிதமோ என்று நினைத்துப் பிரித்தேன். கொழும்பு விண்ணப்பத்துக்கான கடிதம்தான். பக்கத்தில் புதிதாக ரைப் பண்ணிய பரிசோதனைத் தாள். பதினொன்று பன்னிரண்டாகியிருந்தது. 'முன் பிறேக் எந்தக் கையில்? ஓட்டுபவரைக் கேட்கவும்.'

அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தெருவில் எத்தனை உலகம் இருந்தது என்று தெரிந்தது. இங்கிலாந்துக்காரர், ஹொங்கொங்க்காரர், பஞ்சாபிகள், எங்கள் ஆட்கள். எத்தனையோ பேர் பல வருடமாக மறுகையால் பிடித்துப் பழகியிருந்தார்கள். யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. கேட்டவுடன் முகம் மலரும். "மாத்தலாமோ?" என்பார்கள்.

டெரிக் மூன்று கிழமை கடைப்பக்கம் வரவில்லை. பிறகு மனைவியின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "இதுக்கும் அதே மாதிரிப் போடு," என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வைத்தியரை ஏமாற்றிவிட்டு இன்னும் இரண்டு வருடம் போட்டியில் ஓடினார். வெல்லவில்லை. என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்கு அவர்களைக் கூட்டிவரப் போன காரே டெரிக்கினுடையதுதான். மதாம் பிறகு கடையை விற்றுவிட்டுத் தங்கையிடம் போனார். புது முதலாளி சுவரை வெள்ளையடித்தபோது படங்கள் எல்லாம் போயின. டெரிக்கின் படம் அதில் இல்லை என்பது அன்றும் எனக்கு வலித்தது. இன்றும் வலிக்கிறது.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, யூனியன்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். கராஜில் ஒரு மூலை எனக்கு. போன யூலையில் ஒருநாள் டெரிக் வந்தார். பஸ்ஸின் முன் தாங்கியில் அந்தப் பழைய சைக்கிள். ஓட்டுநரே இறங்கித் தூக்கிக் கொடுத்தாராம். பழைய ஓட்டுநருக்கு அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் அவருக்கு ஸ்ரோக் வந்தது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது.

அவரைக் கதிரையில் இருத்திவிட்டுச் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றினேன். எத்தனையோ ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. டெரிக்கிடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை, தேவை இருக்கவில்லை. அன்று கேட்டேன்.

"டெரிக், முன் பிறேக் எந்தக் கையில?"

அவர் இடக்கையை உயர்த்திக் காட்டினார். வலுவிழந்த வலக்கை மடியில் கிடந்தது.

கேபிள்களை மாற்றினேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. கண் தெளிவாகத் தெரியவில்லை, அதற்கு வயது மட்டும் காரணமில்லை. முடிந்ததும், நான் ஓடிப் பார்க்கவில்லை. அவரையே ஏறச் சொன்னேன். மெல்ல மிதித்துத் தெருமுனைவரை போய்த் திரும்பினார். திரும்பி வரும்போது கொஞ்சம் வேகம் எடுத்தார். ஸ்ரோக் விட்டுவைத்த பாதிச் சிரிப்போடு அங்கிருந்தே கூப்பிட்டார்.

"நடா! இப்ப கத்து!"

"நில்லுங்கோ டெரிக்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

என் காலடிக்கு ஒரு முழம் முன்னால், இடக்கையால், ஆடாமல் நிறுத்தினார்.